ஞானஸ்நானம்: சபைகள் எங்கே பிரிகின்றன?

"தெளிப்பா, முழுக்கா?" நம் ஊர்க் கிறிஸ்தவர்களிடையே ஞானஸ்நானப் பேச்சு சூடுபிடிப்பது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான். தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யின் கோயிலில், ஐயர் என்று அழைக்கப்படும் போதகர் குழந்தையைக் கையில் வாங்குகிறார். ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து உள்ளங்கையில் தண்ணீர் அள்ளி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தலையில் வார்க்கிறார். பிறகு நெற்றியில் சிலுவை அடையாளம் இடுகிறார். பெந்தெகொஸ்தே சபையிலோ வெள்ளை உடுத்திய பெரியவர்கள் ஆற்றிலோ தொட்டியிலோ இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிறார்கள். பாஸ்டர் முதுகைத் தாங்கிப் பிடித்து, பின்பக்கமாகச் சாய்த்து, ஆளை முழுவதுமாக முக்கி எடுக்கிறார். கரையில் நிற்பவர்கள் பாடுகிறார்கள்.

பார்ப்பவர் கண்ணில் படுவது தண்ணீரின் அளவுதான். ஆனால் பிரிவு அங்கே தொடங்கவில்லை. ஆர்த்தடாக்ஸ் சபையார் கைக்குழந்தையையே மூன்று முறை தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள். அதே ஆராதனையில் பரிசுத்த தைலம் பூசி, நற்கருணையும் கொடுத்துவிடுகிறார்கள். 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகமும் குழந்தையை முக்குவதைத்தான் முதலில் சொல்கிறது; உடல் தாங்காத குழந்தைக்குத் தண்ணீர் வார்த்தால் போதும் என்கிறது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்திய டிடாக்கே என்ற ஆதிச்சபையின் ஒழுங்கு நூல், ஓடுகிற தண்ணீரை விரும்புகிறது, எந்தத் தண்ணீரும் போதிய அளவில் கிடைக்காவிட்டால் தலையில் மூன்று முறை வார்க்க அனுமதிக்கிறது. மறுபக்கம் பாருங்கள்: விசுவாசித்தவர்களுக்கு மட்டுமே ஞானஸ்நானம் என்று 1525இல் ஜூரிச் நகரில் கிளம்பியவர்கள், அந்த முதல் நாளில் தண்ணீரை வார்த்துத்தான் கொடுத்தார்கள்.

ஆகவே அடியில் இருக்கும் கேள்வி வேறு. ஞானஸ்நானத்தில் முதலில் செயல்படுவது கடவுளா, அதைப் பெறுகிற மனிதனா? இதற்கு ஒரு சபை சொல்லும் பதிலைத் தெரிந்துகொண்டால், யாருக்கு, எந்த வயதில், எத்தனை தடவை என்பதற்கெல்லாம் அதன் பதிலைப் பெரும்பாலும் நாமே ஊகித்துவிடலாம்.

கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லுத்தரன் சபையார் மூவரும் கடவுளின் செயல் என்ற பக்கத்தில் நிற்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திருமுழுக்கு ஓர் அருளடையாளம்: அது ஜென்மப் பாவத்தைப் போக்குகிறது, ஆன்மாவில் அழியாத முத்திரை பதிக்கிறது. அருளைத் தருவது கடவுள் என்பதால், கொடுக்கிறவரின் தகுதி இரண்டாம்பட்சம். சாகும் நிலையில் குழந்தை இருந்து, குருவானவரும் கிடைக்காவிட்டால், கிறிஸ்தவர் அல்லாத செவிலியர்கூடக் கொடுக்கலாம். திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணமும், தண்ணீரும், மூவொரு கடவுளின் பெயரும் இருந்தால் போதும். குழந்தையால் எதையும் கொண்டுவர முடியாது, பெற்றுக்கொள்ள மட்டுமே முடியும். கிருபை என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது என்பது லுத்தரன் சபையாரின் வாதம்.

கொடுக்கிறவரிடம் இத்தனை தாராளம் காட்டுகிற கத்தோலிக்கத் திருச்சபை, வார்த்தையில் மட்டும் விட்டுக்கொடுக்காது. "நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்பதற்குப் பதில் "நாங்கள்" என்று சொன்னால் அது செல்லாது என்று 2020 ஆகஸ்டில் வத்திக்கான் அறிவித்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் மறைமாவட்டத்தில் ஓர் இளம் குரு, தன் திருமுழுக்கின் பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்தார். அதில் திருத்தொண்டர் "நாங்கள்" என்றே சொல்லியிருந்தார். அந்தக் குரு திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், குருப்பட்டம் எல்லாவற்றையும் புதிதாகப் பெற வேண்டியதாயிற்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மிகையாகத் தோன்றலாம். திருமுழுக்கு கொடுப்பவரின் வாயால் கிறிஸ்துவே பேசுகிறார் என்று நம்புகிறவர்களுக்கு, ஒருமையும் பன்மையும் சின்ன விஷயம் அல்ல.

பிரஸ்பிட்டேரியன் முதலான சீர்திருத்தச் சபைகள் குழந்தை ஞானஸ்நானத்தை வேறு காரணத்துக்காக வைத்திருக்கின்றன. இஸ்ரவேலின் ஆண் பிள்ளைக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம் உடன்படிக்கையின் அடையாளமாக இருந்தது. அதன் இடத்தில் இப்போது ஞானஸ்நானம் வந்திருக்கிறது என்பார்கள். தண்ணீரே இரட்சிப்பதில்லை, பிள்ளை கடவுளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அது முத்திரையிடுகிறது. வளர்ந்தபின் பிள்ளை தன் வாயாலேயே விசுவாசத்தை அறிக்கையிடுவதற்குத்தான் சி.எஸ்.ஐ.யில் திடப்படுத்தல் ஆராதனை இருக்கிறது.

பாப்டிஸ்ட், பிரதரன், பெந்தெகொஸ்தே சபைகளின் பதில் இதற்கு எதிர்த்திசை. அப்போஸ்தலர் நடபடிகளில் ஆட்கள் வசனத்தைக் கேட்கிறார்கள், விசுவாசிக்கிறார்கள், பிறகு தண்ணீரில் இறங்குகிறார்கள். எத்தியோப்பிய மந்திரி அப்படித்தான் பெற்றார். விசுவாசிக்கத் தெரியாத குழந்தைக்கு இதைக் கொடுப்பது வரிசையைப் புரட்டிப்போடுவதாகும் என்கிறார்கள். ரோமர் 6ஆம் அதிகாரம் சொல்கிறபடி கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டு எழுந்திருப்பதன் அடையாளம் என்பதால், முழுவதுமாக மூழ்கி எழ வேண்டும் என்கிறார்கள். முழுக்கு இந்த வழியாகத்தான் அவர்களுக்கு முக்கியமாகிறது. குழந்தைகளுக்கு அவர்கள் செய்வது பிரதிஷ்டை ஜெபம்.

இந்தப் பக்கத்திலும் எல்லோரும் ஒன்றில்லை. பாவமன்னிப்பே முழுக்கில்தான் கிடைக்கிறது என்று கிறிஸ்துவின் சபையார் போதிக்கிறார்கள். பெந்தெகொஸ்தேயினரில் ஒரு பிரிவு இயேசுவின் நாமத்தில் மட்டுமே கொடுக்கிறது. இரண்டு பக்கத்திலும் சேராத குவேக்கர்களும் இரட்சணிய சேனையும் தண்ணீரையே பயன்படுத்துவதில்லை.

வேதத்தை வைத்து இதைத் தீர்க்க முடியாதா? முடியாது என்பதே என் முடிவு. லீதியாளும் அவள் வீட்டாரும், பிலிப்பி சிறைச்சாலைக்காரனும் அவன் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று படிக்கிறோம். அந்த வீடுகளில் கைக்குழந்தை இருந்ததா என்று ஒரு சொல்கூட இல்லை. கி.பி. 200ஐ ஒட்டி கார்த்தேஜ் நகரத்து தெர்த்துல்லியன், குழந்தைகளுக்குக் கொடுக்க அவசரப்படாதீர்கள் என்று எழுதினார். அப்படியானால் அப்போதே குழந்தைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. அதைக் கேள்வி கேட்கவும் ஆள் இருந்திருக்கிறார். இரண்டு கட்சியும் அவரைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கருத்து வேறுபாடு உயிரைக் குடித்த காலமும் உண்டு. ஜூரிச்சில் சீர்திருத்தத்தை நடத்திய உல்ரிக் ஸ்விங்கிளியின் மாணவர்களே குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்து அவரைவிட்டு விலகினார்கள். பிள்ளைகளுக்கு எட்டு நாளுக்குள் ஞானஸ்நானம் கொடுக்காதவர்கள் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று நகரசபை ஆணையிட்டது. 1525 ஜனவரி 21 அன்று, ஒரு வீட்டில் கூடியிருந்தவர்கள் நடுவே, விலகியவர்களில் ஒருவரான கான்ராட் கிரேபெல் தன் தோழர் ஜார்ஜ் பிளாரோக்குக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஊரில் பிறந்த ஒவ்வொருவரும் சபையின் அங்கம் என்றிருந்த காலத்தில், அது ஊரின் கட்டுக்கோப்பையே மறுப்பதாகப்பட்டது. மறுஞானஸ்நானம் கொடுப்பவரைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொல்வது என்று 1526இல் சட்டம் வந்தது. 1527 ஜனவரி 5 அன்று அந்தக் குழுவைச் சேர்ந்த பீலிக்ஸ் மான்ஸைப் படகில் ஏற்றிக் கைகளைக் கட்டி லிம்மாட் ஆற்றில் தள்ளினார்கள். உறுதியாக நில் என்று அவருடைய தாய் கரையிலிருந்து சொன்னதாகப் பழைய பதிவு இருக்கிறது. கொன்றவர்கள் கத்தோலிக்கர்கள் அல்ல, சீர்திருத்தச் சபையார். அதே சபை 2004இல் மன்னிப்புக் கேட்டு, ஆற்றங்கரையில் நினைவுக்கல் வைத்தது.

மான்ஸும் தோழர்களும் தங்களை மறுஞானஸ்நானக்காரர் என்று ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. குழந்தையில் நடந்தது ஞானஸ்நானமே அல்ல, இதுதான் முதலாவது என்றார்கள். இன்று தமிழ்க் குடும்பங்களில் மனக்கசப்பு வருவதும் இதே இடத்தில்தான். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் மகன், கீழ்ப்படிதலின் முதல் படியை எடுப்பதாக நினைக்கிறான். தாய்க்கோ, தான் ஜெபித்துக் கொடுத்த ஞானஸ்நானத்தை மகன் பொய் என்று சொல்வதாகப்படுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையும் சி.எஸ்.ஐ.யும் ஒருவருக்கு இரண்டாம் முறை கொடுப்பதில்லை. முறைப்படி பெற்றுவிட்டு வேறு சபையிலிருந்து வருகிறவருக்கும் மறுபடி கொடுக்காமலே சேர்த்துக்கொள்கிறார்கள்.

இரண்டு பக்கத்தாரும் ஒரே சபையில் இருக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1970இல் உருவான வட இந்தியத் திருச்சபையில் ஆங்கிலிக்கன்களோடு பாப்டிஸ்டுகளும் சேர்ந்தார்கள். குழந்தையில் ஞானஸ்நானம் கொடுத்து வளர்ந்தபின் அறிக்கையிடுவது, குழந்தையில் பிரதிஷ்டை செய்து வளர்ந்தபின் ஞானஸ்நானம் கொடுப்பது ஆகிய இரண்டு வழிகளையும் அந்தச் சபை ஏற்றுக்கொண்டது.

உங்கள் வீட்டில் யாராவது மறுபடி ஞானஸ்நானம் எடுக்க நினைத்தால், ஒரு வேலை செய்யுங்கள். முடிவெடுக்கும் முன்பே பழைய சபையின் ஐயரையும் புதிய சபையின் பாஸ்டரையும் நேரில் பாருங்கள். "முதலில் நடந்ததை நீங்கள் என்னவாகப் பார்க்கிறீர்கள்?" என்று இருவரிடமும் கேளுங்கள். பெற்றோரையும் உடன் அழைத்துப் போங்கள். அந்தப் பதிலை அவர்களும் கேட்க வேண்டும்.