சிக்னல் போன கைத்தொலைபேசிக்கு என்ன விலை?

2017 ஏப்ரல் முதல் தேதி சிங்கப்பூரில் 2ஜி சேவை நின்றது. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 மூன்றும் ஒருசேர நிறுத்தின. தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியர்களின் சட்டைப்பைகளில் மணியடித்துக்கொண்டிருந்த சின்ன நோக்கியாக்கள் அன்றோடு ஊமையாயின. அதே ஆண்டு ஜூலை 10ஆம் தேதி, லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகக்கூடிய சுங்கை ரோடு சந்தையும் மூடப்பட்டது. 1930களிலிருந்து பழம்பொருள் வியாபாரம் நடந்த இடம் அது. தரையில் விரித்த துணியில் கைக்கடிகாரங்களோடும் ரேடியோக்களோடும் பழைய கைத்தொலைபேசிகளும் கிடக்கும்.

பேச உதவாத கருவியை வாங்கிச் சேர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் எதற்கு விலை கொடுக்கிறார்கள்?

வயதுக்கு மட்டும் இல்லை. 2000இல் வந்த நோக்கியா 3310 பன்னிரண்டு கோடிக்கு மேல் விற்றது. 2003இல் வந்த 1100, இருபத்தைந்து கோடியைத் தாண்டியது. எங்கும் கிடைப்பதற்குப் பெரிய விலை வராது. 1984இல் அமெரிக்கக் கடைக்கு வந்த மோட்டோரோலா டைனாடேக் 8000எக்ஸ் வேறு கதை. அன்றைய விலையே 3,995 அமெரிக்க டாலர். பத்து மணி நேரம் சார்ஜ் ஏற்றினால் அரை மணி நேரம் பேசலாம். வாங்கியவர்கள் குறைவு என்பதால் எஞ்சியவையும் குறைவு. 2007இன் முதல் ஐபோனில் 4 ஜிபி மாடல் சில மாதங்களிலேயே விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. 499 டாலருக்கு விற்ற அதில் பெட்டி பிரிக்காத ஒன்று, 2023 ஜூலையில் நடந்த ஏலத்தில் 1,90,372 டாலருக்குப் போனது. பெட்டியைப் பிரித்திருந்தால் அந்தத் தொகையை நினைத்தே பார்க்க முடியாது.

சிங்கப்பூருக்கே உரிய ஒரு வகையும் உண்டு. ராணுவ முகாம்களுக்குள் கேமரா உள்ள கைத்தொலைபேசிக்குத் தடை இருந்த காலத்தில், தேசிய சேவை செய்த இளைஞர்களுக்காகக் கடைகள் கேமராவைக் கழற்றி எடுத்துவிட்டே போன் விற்றன. வேறு ஊரில் அதைப் பழுது என்பார்கள். இங்கே அது ஒரு தலைமுறையின் அடையாளம். சேகரிப்பவர் அதை ஒதுக்கக் கூடாது.

வாங்கும்போது முதலில் பின்மூடியைக் கழற்றுங்கள். பேட்டரிக்கு அடியில் ஒட்டியுள்ள ஐஎம்இஐ எண்ணும், *#06# அழுத்தினால் திரையில் வரும் எண்ணும், பெட்டி இருந்தால் அதன் மேலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். திரை எண் மாறினால் போர்டு மாற்றப்பட்டிருக்கலாம். உடல் மட்டும் புத்தம் புதிதாக மின்னினால் ஹவுசிங் மாற்றியது என்று சந்தேகப்படுங்கள். கீறல் விழுந்த அசல் உடலுக்குத்தான் மதிப்பு. மடக்கு போன்களில் கீலுக்குள் ஓடும் மெல்லிய கேபிள் தேய்ந்து திரை அணைந்துபோகும். பலமுறை திறந்து மூடிப் பார்க்க வேண்டும். ரப்பர் போன்ற மேல்பூச்சு உள்ளவை நம் ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் பிசுபிசுக்கும். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சின் வேதிப்பிணைப்பையே அறுப்பதால், துடைத்தாலும் பழைய நிலைக்கு வராது.

என் கண்ணுக்கு மிக முக்கியமானது, சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் ஒரு வகைதான். காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை, 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். பேட்டரிக்கு அடியில் ‘இந்தியாவில் தயாரானது’ என்ற ஆங்கில வரி உள்ள அக்கால நோக்கியாவை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கைகள் கோத்தது அது. இந்தியாவில் ஏர்டெல், பிஎஸ்என்எல் 2ஜி சேவைகள் இன்னும் நடப்பதால், நல்ல பேட்டரி போட்டு ஊருக்குக் கொண்டுபோனால் பேசவும் செய்யும். சந்தை விலை சில வெள்ளிதான். வரலாற்று மதிப்பில் முதல் ஐபோனுக்கு நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

வீட்டு இழுப்பறையில் பழைய போன் இருந்தால் இன்றே பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். உப்பியிருந்தால் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பிடத்தில் கேட்டுக் கொடுங்கள். போனில் உள்ள பெயர்களையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காதீர்கள். யார் வாங்கியது, எந்தக் கடையில், எந்த ஆண்டில், எந்த ஊருக்குப் பேசியது என்று ஒரு தாளில் எழுதிப் போனுடன் சேர்த்து வையுங்கள்.