அஞ்சடியும் வரைபடமும்

சிராங்கூன் சாலையில் மழைக்கு ஒதுங்கிய எவரும் அஞ்சடியை அறிவர். கடைவீட்டின் மேல்மாடி முன்னே நீண்டு கூரையாக, அதன்கீழ்க் கடைக்குக் கடை தொடர்ந்து செல்லும் நடைவழி அது. ஐந்தடி என்பதன் பேச்சு வடிவே அஞ்சடி; மலாய் மொழியின் 'காக்கி லீமா'வும் அப்பொருளதே. ராஃபிள்ஸ் 1822-இல் நகரமைப்புக் குழுவுக்கு விடுத்த கட்டளையில், தெருவின் இருமருங்கும் எந்நேரமும் திறந்திருக்கும் கூரையிட்ட தொடர்வழி வேண்டும் என்று விதித்தார்.

இருநூறு ஆண்டு கடந்த இவ்வழி இன்று புதியதொரு சிக்கலை எழுப்புகிறது. 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற 'ஓப்பன் ஸ்திரீட் மேப்' என்னும் இணைய வரைபடத்தைப் பொதுமக்களே வரைந்தும் திருத்தியும் வளர்க்கின்றனர். விண்ணிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துக் கோடிடுவோர் பலர். அஞ்சடியோ கூரைக்கடியில் கிடப்பது. மேலிருந்து நோக்கின் ஓடுகளன்றி வேறொன்றும் தெரியாது. நடந்து பார்த்தவரே அதனை வரைய வல்லார்.

நடைபாதையைக் காட்ட இரு முறைகள் உள. சாலைக் கோட்டின்மீதே 'இருபுறமும் நடைபாதை உண்டு' எனக் குறித்துவிடுவது ஒன்று. தனிக்கோடாக வரைவது மற்றொன்று. முன்னது எளிது. ஆயினும் டன்லப் ஸ்திரீட் போன்ற பழந்தெருக்களுக்கு அது போதாது என்பதே என் கருத்து. கடைவீட்டு வரிசைகளில் ஒரு தளம் உயர்ந்தும் அடுத்தது தாழ்ந்தும் இருத்தல் உண்டு. நமக்கு அது ஒரு படி. சக்கர நாற்காலியில் செல்வார்க்கோ மதில். தனிக்கோட்டில்தான் அப்படியை அதனிடத்திலேயே குறிக்கலாம்.

ஆனால் தனிக்கோடு வரைவார் கடவைகளையும் வரைந்து இணைத்தல் வேண்டும். இணைக்காவிடின், எதிர்க்கடைக்கு வழி கேட்டவரைக் கணிப்பொறி அடுத்த சந்திவரை சுற்றி வரச் செய்யும். கார் உள்ளே நுழையும் வழி நடைபாதையைக் குறுக்கிடும் இடத்திலும் இரு கோடுகளுக்கும் பொதுப்புள்ளி ஒன்று வேண்டும். பார்வை குன்றியவர்க்கு வழிகாட்டும் செயலி, இங்கே வண்டி குறுக்கிடும் என்பதை அப்புள்ளியைக் கொண்டே அறிய இயலும்.

காய்கறிக் கூடைகள் வழியை அடைத்தால் என் செய்வது? இது பழைய வழக்கு. 1888-இல் நகராண்மையினர் அஞ்சடியிலிருந்த தடைகளை அகற்றப் புகுந்தபோது கலகமே மூண்டது! வரைபடம் நிலைத்த பொருளைக் குறிப்பது. காலையில் வைத்து இரவில் எடுக்கும் கூடைக்கு அதில் இடமில்லை. ஆதலின், கோட்டை நம்பித் தேக்காப் பக்கம் செல்பவர் சிற்சில இடங்களில் கீழிறங்கிச் சாலையோரமாகவே நடக்க நேரும்.