உஷார்! கிட்னி கோளாறு இருந்தால் நட்சத்திரப் பழம் வேண்டவே வேண்டாம்

கொய்யா, சப்போட்டாவோடு இப்போது நட்சத்திரப் பழ மரமும் வீட்டுத் தோட்டங்களில் இடம்பிடித்துவிட்டது. ஒட்டுக்கன்று வைத்தால் சீக்கிரமே காய்ப்புக்கு வந்துவிடும். வந்தபின் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். வீட்டில் இருப்பவர்கள் தின்று மாளாது. பை நிறையப் பறித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவோம். ஆபத்தே அங்கேதான்!

குறுக்கே நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி நீட்டுகிறோமே, அந்த ஐந்து முனைத் துண்டுகளில் 'காரம்பாக்ஸின்' என்ற நச்சு இருக்கிறது. பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் இதை அடையாளம் காட்டினார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் இது சிறுநீரோடு போய்விடும். பழுதாகியிருந்தால் உடம்பிலேயே தங்கி மூளையைத் தாக்கும். பெரும்பாலும் முதலில் வருவது விக்கல். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நிற்காத விக்கல். பிறகு வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு. உயிரே போயிருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள்!

நமக்குத்தான் கிட்னி நன்றாக இருக்கிறதே என்று டம்ளர் டம்ளராக ஜூஸ் குடிப்பவர்களும் கவனியுங்கள். இதில் ஆக்ஸலேட் என்னும் உப்பு அதிகம். வெறும் வயிற்றில் ஜூஸாக நிறையக் குடித்தால் அது சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்து அடைத்துவிடலாம். இதே பேரினத்தைச் சேர்ந்த பிலிம்பிக் காயை, கொழுப்பு குறையும் என்று நம்பிச் சாறு பிழிந்து குடித்த பத்து பேருக்கு சிறுநீரகம் திடீரென்று செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது.

மரத்தை வெட்டச் சொல்லவில்லை. பழத்தைக் கொடுக்குமுன், "வீட்டில் யாருக்காவது கிட்னி பிரச்னை இருக்கா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சர்க்கரையும் பிரஷரும் பல வருடமாக இருப்பவர்களுக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகியிருக்கலாம்; ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் அளவைப் பார்க்காதவரை அவர்களுக்கே தெரியாது.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் விக்கல் பிடித்தால் சீனியை வாயில் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். அங்கே முதல் வேலையாக, நட்சத்திரப் பழம் சாப்பிட்டதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பக்கவாதமோ என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.