மார்மன்கள் கிறிஸ்தவர்கள்தானா?

கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்களில் சம்பந்தம் பேச உட்கார்ந்தால், படிப்பையும் வேலையையும் விசாரித்த கையோடு வரும் கேள்வி, "நீங்க எந்தச் சபை?" என்பது. ஆர்.சி., சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று பதில் வந்தால் யாருக்கும் குழப்பமில்லை. ஏழாம் நாள் சபை என்றால் சனிக்கிழமை ஆராதனைக்குப் போகிறவர்கள் என்று தெரியும். "மார்மன்" என்று பதில் வந்தால்தான் பேச்சு நின்றுபோகிறது. பெங்களூரிலோ அமெரிக்காவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் வழியாக இந்தப் பெயர் இப்போது நம் வீடுகளுக்கும் வருகிறது. அவர்கள் நம்மவர்களா, வேறு மதத்தாரா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களைக் கிறிஸ்தவர்கள் என்று அழைப்பதே சரி. ஆனால் அவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானத்தை மற்ற சபைகள் ஏற்க மறுப்பதும் தவறில்லை. இரண்டும் முரண்படுவதுபோலத் தோன்றும். இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒன்றாக்கிக் கேட்பதால் வரும் தோற்றம் அது.

மார்மன் என்பது வெளியார் வைத்த பெயர். அவர்கள் தங்களைப் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்கிறார்கள். மார்மன் என்ற பெயரைத் தவிர்க்கும்படி 2018-ல் அவர்களின் அப்போதைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன் கேட்டுக்கொண்டார். பழகிய பெயர் என்பதால் மட்டுமே இங்கே அதைப் பயன்படுத்துகிறேன். இந்தச் சபை 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞரால் தொடங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 24. ஒரு தேவதூதர் காட்டிய பொன் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்தது என்று சொல்லி அவர் வெளியிட்ட நூல்தான் மார்மன் புத்தகம். எருசலேமை விட்டுக் கடல் கடந்து அமெரிக்கா போன ஒரு குடும்பத்தின் வழிவந்த மக்களின் கதை அது. உயிர்த்தெழுந்த இயேசு அந்த மக்களுக்கும் காட்சி கொடுத்துப் போதித்தார் என்று அது சொல்கிறது. ஸ்மித் 1844-ல் ஒரு கும்பலால் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரிகாம் யங் தலைமையில் பெரும்பகுதியினர் மேற்கே நடந்து 1847-ல் யூட்டா பாலைநிலத்தில் குடியேறினார்கள். பலதார மணத்தால் கெட்ட பெயர் வந்தது. 1890-ல் அந்த வழக்கத்தைச் சபை கைவிடத் தொடங்கியது. இன்று அதைச் செய்பவரைச் சபையிலிருந்து நீக்குகிறார்கள். காபி, தேநீர், மது, புகையிலை கிடையாது. உறுப்பினர்கள் உலகம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கு மேல்.

நம் பக்கத்துக்கும் அவர்கள் புதியவர்கள் இல்லை. ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இரண்டு துணைவர்களோடு 1853-ல் சென்னையில் வந்து இறங்கினார். மார்மன் சபையின் ஞாயிறு பள்ளியைத் தொடங்கிவைத்தவரும் அவரே. சென்னையில் பத்திரிகைகூட நடத்திப் பார்த்தார். ஆள் சேரவில்லை. மறு ஆண்டே திரும்பிவிட்டார். நூறு வருடத்துக்குப் பிறகு 1960களில் கோயம்புத்தூரில் ஒரு சிறு கூட்டம் உருவானது. 1993-ல் பெங்களூரைத் தலைமையாகக் கொண்டு தனி மிஷன் வந்தது. இந்தியாவில் அவர்களின் முதல் ஆலயமும் பெங்களூரில்தான் எழும் என்று 2018-ல் அறிவித்தார்கள்.

அவர்களோடு நமக்கு என்ன தகராறு? இயேசுவைப் பற்றி அவர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் நம் வீட்டுப் பாட்டி சொல்வதுதான். அவர் கன்னியிடம் பிறந்தார், நம் பாவங்களுக்காக மரித்தார், மூன்றாம் நாள் உயிர்த்தார், அவரன்றி இரட்சிப்பு இல்லை. ஜெபத்தை அவர் பெயரில்தான் முடிக்கிறார்கள். ஞானஸ்நானம் கொடுக்கும்போது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூன்று பெயர்களையும் சொல்லித்தான் தண்ணீரில் முழுக்குகிறார்கள்.

அந்த மூன்று பெயர்களுக்குப் பின்னால் இருப்பதுதான் வேறு. கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யாரும் ஆராதனையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தின் வேர், நிசேயாவில் 325-லும் கான்ஸ்டான்டிநோபிளில் 381-லும் கூடிய சங்கங்களில் இருக்கிறது. குமாரன் படைக்கப்பட்டவர் என்று அரியு என்ற குரு போதித்ததற்கு எதிராக, குமாரன் பிதாவோடு ஒரே தன்மை உடையவர், மூவரும் ஒரே கடவுள் என்று அங்கே வரையறுத்தார்கள். திரித்துவம் என்பது இதுதான். மார்மன்கள் இதை ஏற்பதில்லை. பிதா, குமாரன், ஆவி மூவரும் மூன்று தனி ஆட்கள், நோக்கத்தில் மட்டும் ஒன்று என்கிறார்கள். பிதாவுக்குச் சதையும் எலும்பும் கொண்ட உடல் உண்டு என்கிறார்கள். கடவுள் ஒன்றுமில்லாமையிலிருந்து உலகைப் படைக்கவில்லை, ஏற்கெனவே இருந்த பொருளை ஒழுங்குபடுத்தினார் என்கிறார்கள். மனிதர் வளர்ந்து கடவுளைப் போலவே ஆக முடியும் என்பதும் அவர்கள் நம்பிக்கை. வேதாகமத்தோடு இன்னும் மூன்று நூல்கள் அவர்களுக்கு வேதம். அவற்றில் ஒன்றின் பெயர் 'விலையுயர்ந்த முத்து'. மத்தேயு நற்செய்தியில் வரும் உவமையிலிருந்து எடுத்த பெயர்.

இவை சில்லறை வேறுபாடுகள் இல்லை. கடவுள் யார் என்பதிலேயே பிரிவு. அதனால்தான் 2001 ஜூன் 5 அன்று வத்திக்கான், மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று அறிவித்தது. கத்தோலிக்கத் திருச்சபை இந்த விஷயத்தில் பொதுவாகக் கெடுபிடி காட்டுவதில்லை. சி.எஸ்.ஐ.யிலோ தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன் சபையிலோ ஞானஸ்நானம் பெற்றவர் கத்தோலிக்கராக விரும்பினால் மறுபடி தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். பிரிந்துபோன சபை கொடுத்தாலும் ஞானஸ்நானம் ஞானஸ்நானம்தான் என்பது அகஸ்தீனார் காலத்து முடிவு. அப்படிப்பட்ட திருச்சபையே இவர்கள் விஷயத்தில் மறுத்தது என்றால், பிளவின் ஆழம் தெரிகிறது. மார்மன்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. அப்போஸ்தலர்களுக்குப் பிறகு உண்மைச் சபை உலகிலிருந்தே மறைந்துவிட்டது, ஸ்மித் வழியாகத்தான் மீண்டது என்பதே அவர்களின் அடிப்படை. கத்தோலிக்கரோ சி.எஸ்.ஐ.காரரோ அங்கே போய்ச் சேர்ந்தால் மறுபடியும் முழுக்கு உண்டு. ஏற்க மறுப்பது இரு பக்கமும் இருக்கிறது. அதில் யாரும் யாரையும் அவமதிப்பதாக நான் நினைக்கவில்லை. தன் வாசலில் யாரை எப்படிச் சேர்ப்பது என்று ஒரு சபை முடிவு செய்வது அதன் உரிமை.

அந்த உரிமை வாசலோடு நிற்கிறது. சபைக்கு வெளியே, ஊர்ப் பேச்சில் யாரைக் கிறிஸ்தவர் என்பது வேறு விஷயம். இதற்கு நம் கடற்கரையின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

முத்துக்குளித்துறையின் பரதவர்கள் 1535 முதல் 1537 வரை கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். ஏறத்தாழ 20,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. முத்துச் சலாபத்தில் மூர் என்றழைக்கப்பட்ட முஸ்லிம் வணிகர்களோடு ஏற்பட்ட பகையில் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்புக் கிடைக்கும் என்பது அதில் பெரிய காரணம். திரித்துவம் பற்றி அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அப்போது ஆளே இல்லை. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்த பிறகுதான், உள்ளூர்க்காரர்களின் துணையோடு விசுவாசப் பிரமாணத்தையும் ஜெபங்களையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் ஆக்கி, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி மனப்பாடம் செய்வித்தார். இதற்கிடையே 1544-ல் வெட்டும் பெருமாள் தூத்துக்குடியைத் தாக்கினார். சவேரியாரின் கடிதங்களில் வரும் இந்த அரசரின் இருப்பிடம் கயத்தாறு என்பது வரலாற்றாசிரியர் ஷுர்ஹாமரின் கணிப்பு. ஊரைவிட்டு ஓடிய பரதவர்கள் தீவுகளில் பசியும் தாகமுமாகக் கிடந்தார்கள். அவர்களுக்குத் தோணிகளில் உணவும் தண்ணீரும் அனுப்பச் சொல்லிச் சவேரியார் பதறி எழுதினார். அவர்களில் எத்தனை பேருக்குப் பிரமாணம் தெரியும் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. தாக்கியவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள். கோட்பாடு தெரிந்து கிறிஸ்தவர் ஆனவர்கள் இல்லை அந்த மக்கள். ஆனாலும் அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை என்று இன்று யாராவது சொன்னால் கடற்கரை முழுதும் எழுந்து நிற்கும்.

மார்மன்களுக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் இதே மாவட்டத்தில் இருக்கிறது. 1823-ல் பழைய முத்துத் துறையான கொற்கையில் பிறந்தவர் அருமைநாயகம். சாயர்புரம் செமினரியில் படித்து உபதேசியாரானவர். ஊரார் அவரைச் சட்டாம்பிள்ளை என்றே அழைத்தார்கள். நாசரேத்து மிஷனரி கேமரரோடு மோதல் வந்து வேலை போனது. இன்னொரு மிஷனரியான கால்டுவெல் 1849-ல் நாடார் மக்களைப் பற்றி எழுதிய நூல் அந்தச் சமூகத்தைப் புண்படுத்தியது. சட்டாம்பிள்ளை அதை எதிர்த்து வெகுகாலம் போராடினார். 1857-ல் நாசரேத்துக்கு அருகே பிரகாசபுரத்தில் அவர் தலைமையில் ஒரு கூட்டம் மிஷனைவிட்டு விலகி, இந்து கிறிஸ்தவ சபையை நிறுவியது. வெள்ளைக்காரக் குருமார் வேண்டாம், அவர்களின் பணம் வேண்டாம். ஓய்வுநாள் சனிக்கிழமை. ஆராதனையில் தூபம் உண்டு. பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளும் தீட்டு, சுத்த விதிகளும் உண்டு. வேதாகமத்தைக் கொண்டுவந்த வெள்ளைக்காரர்களே அதில் பாதியைக் கடைப்பிடிக்கவில்லை என்பது சட்டாம்பிள்ளையின் வாதம். அது சாதாரண வாதமில்லை. வேதத்தை முழுதாகப் படித்த ஒரு தமிழன் கேட்ட கேள்வி அது.

மிஷனரிகள் இதை யூத மதக் கலப்பு என்று ஒதுக்கினார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1908-ல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் மிஷனரி ஜேம்ஸ் இந்தப் பக்கம் வந்தபோது, ஏற்கெனவே சனிக்கிழமையை ஆசரிக்கும் கிராமத்தார் இருப்பதைக் கண்டு அங்கேயே வேலையைத் தொடங்கினார். பிரகாசபுரத்தில் அவர் பெயரில் இன்றும் பள்ளி இருக்கிறது. ஒரு மிஷனரிக்கு வழிதவறியவர்களாகத் தெரிந்தவர்கள் இன்னொரு மிஷனரிக்குத் தயாராக இருந்த வயலாகத் தெரிந்தார்கள்.

சட்டாம்பிள்ளையும் ஸ்மித்தும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனாலும் இருவரிடமும் ஒரே கோபம்: இருக்கிற சபைகள் வேதத்தைவிட்டு விலகிவிட்டன. இருவரும் பழைய ஏற்பாட்டை நோக்கிப் போனார்கள். மார்மன்கள் ஆரோனின் ஆசாரியத்துவத்தையும் ஆலயச் சடங்குகளையும் மீட்டதாகச் சொன்னார்கள். பெரிய வித்தியாசம், சட்டாம்பிள்ளை கையிலிருந்த வேதத்தோடு நின்றார், ஸ்மித் புதிய வேதத்தைக் கொண்டுவந்தார். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. புதிய வேதமும் புதிய தீர்க்கதரிசியும் வந்தபின் அது வேறு மதமாகிறது என்று வாதிடுபவர்கள் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். கிறிஸ்தவம் யூத வேதத்தோடு புதிய ஏற்பாட்டைச் சேர்த்து வேறு மதமானதுபோல, இதுவும் ஆகியிருக்கிறது என்பது அவர்கள் கருத்து. இருக்கிற வாதங்களில் வலுவானது இதுதான். ஆனால் மார்மன்கள் சேர்த்த நூலின் நடுநாயகரும் அதே இயேசுதான். அவரை விட்டுவிட்டு அந்த மதத்தில் மிச்சம் ஒன்றும் இராது. ஆகவே இதைக் கிறிஸ்தவத்துக்குள் பிறந்து வெகுதூரம் விலகிப்போன கிளையாகப் பார்ப்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

திரித்துவத்தை மறுத்ததற்காக ஒருவரைக் கிறிஸ்தவர் இல்லை என்றால், சென்னையில் 1795-லேயே திரித்துவத்தை ஏற்காத சபையைத் தொடங்கி, பின்னர் புரசைவாக்கத்தில் அதற்கு ஆலயமும் கட்டிய தமிழர் வில்லியம் ராபர்ட்ஸையும் தள்ள வேண்டிவரும். அவர் தன்னைக் கிறிஸ்தவர் என்றுதான் சொன்னார்.

நம் சட்டமும் தராசைக் கையில் எடுப்பதில்லை. 1872-ம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், கிறிஸ்தவ மதத்தைக் கைக்கொள்வதாக அறிவிப்பவரே கிறிஸ்தவர் என்கிறது. 1925-ம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் இன்னும் தெளிவு. கிறிஸ்தவ மதத்தின் எந்த வடிவத்தைக் கைக்கொண்டாலும் போதும். சொத்து பங்கிடும்போது நீதிபதி நிசேயாவைப் பற்றிக் கேட்க மாட்டார். தேசிய கீதம் பாட மறுத்த யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகளைக் கேரளத்தில் பள்ளி வெளியேற்றியபோது, 1986-ல் உச்ச நீதிமன்றம் பார்த்ததும் அந்த நம்பிக்கை உண்மையானதா என்பதைத்தான். மற்றவர்களுக்கு அது சரியாகப் படுகிறதா என்று பார்க்கவில்லை.

அதே அரசு கிறிஸ்தவர் என்ற சொல்லுக்கு ஒரு விலையும் வைத்திருக்கிறது. 1950-ம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதி செய்தது. அங்கே போய் எங்கள் சபையைக் கிறிஸ்தவ சபை என்று மற்ற சபைகள் ஒப்புக்கொள்வதில்லை என்று ஒருவர் சொல்லிப் பயனில்லை. கஷ்டம் வரும்போது கிறிஸ்தவர், உரிமை கேட்கும்போது கிறிஸ்தவர் இல்லை என்று ஒருவரை இரண்டு பக்கமும் தள்ளுவது அநியாயம். அவர்களை அந்தப் பெயராலேயே அழைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்த இதுவும் ஒரு காரணம்.

கடைசியாகச் சம்பந்தம் பேசுகிற வீட்டுக்கு. கத்தோலிக்கப் பெண், சி.எஸ்.ஐ. மாப்பிள்ளை என்றால், இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்பதால் மேற்றிராசனத்தின் அனுமதி போதும், கோவிலில் கல்யாணம் நடக்கும். மாப்பிள்ளை மார்மன் என்றால், 2001 முடிவின்படி அவர் ஞானஸ்நானம் பெறாதவராகக் கருதப்படுவார். இந்து மாப்பிள்ளைக்கு வாங்குவதுபோல ஆயரிடமிருந்து விதிவிலக்கு வாங்க வேண்டும். அது கிடைப்பதில் பொதுவாகத் தடையில்லை, நாள் பிடிக்கும். பிறக்கிற பிள்ளைகளைக் கத்தோலிக்க முறையில் வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகப் பெண் வாக்குக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளைக்கும் அதைச் சொல்லியிருக்க வேண்டும். மார்மன் பையனுக்கும் தன் சபையில் இதேபோல ஒரு கனவு இருக்கும்: அவர்களின் ஆலயத்துக்குள் நடக்கும் திருமணம் மரணத்துக்குப் பிறகும் நிலைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை, அதற்குள் நுழைய இருவருமே அவர்கள் சபையாராக இருக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் அவர் கிறிஸ்தவரா என்று கேட்டுக்கொண்டிருப்பதைவிட, பிள்ளைகள் எந்தக் கோவிலுக்குப் போவார்கள் என்பதை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பேசி முடிப்பது நல்லது.