அட்டவணைகளையும் வாசிப்போம்!

உயர்கல்வி மாணவர்கள் பலர் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தையும் முடிவுரையையும் மட்டும் வாசித்துவிட்டு மேற்கோள் காட்டுகின்றனர். அது போதாது என்பதைப் பொருளாதார உலகம் 2013-இல் கண்கூடாகக் கண்டது.

பொருளியல் அறிஞர்கள் கார்மென் ரெயின்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகியோர் 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அரசின் கடன், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளில் வளர்ச்சி வெகுவாகக் குன்றியிருந்தது என்றது அக்கட்டுரை. அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்ட அமெரிக்க, ஐரோப்பிய அரசியல் தலைவர்கள் அதை ஆதாரமாகக் காட்டினர்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், வகுப்புப் பயிற்சிக்காக அக்கணக்கை மீண்டும் செய்து பார்த்தார், விடை ஒத்துவரவில்லை. கட்டுரையாசிரியர்களிடமே கேட்டு அவர்களது எக்செல் கோப்பைப் பெற்றார். சராசரி காணும் இடத்தில் 5 நாடுகள் விடுபட்டிருந்தன. வேறு சில தரவுகளும் சேர்க்கப்படவில்லை. தம் பேராசிரியர்கள் இருவருடன் சேர்ந்து அவர் திருத்திக் கணக்கிட்டபோது, மைனஸ் 0.1 சதவீதமாக இருந்த சராசரி வளர்ச்சி 2.2 சதவீதமாயிற்று. எக்செல் பிழையை ஒப்புக்கொண்ட மூல ஆசிரியர்கள், கடன் மிகும்போது வளர்ச்சி குறைகிறது என்ற தங்கள் மையக் கருத்தில் மாற்றமில்லை என்றனர்.

ஆகவே, ஒரு கட்டுரை கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடக் கூடாது. கூகுள் ஸ்காலரில் அக்கட்டுரையின் கீழே, அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளின் பட்டியல் இருக்கும். மறுப்புகளை அங்கேதான் தேட வேண்டும். இதழின் தளம் கட்டணம் கேட்டால், ஆசிரியரின் சொந்தப் பக்கத்தில் முன்வரைவு இலவசமாகக் கிடைக்கக் கூடும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை 'ஷோத்கங்கா' தளத்தில் யாரும் வாசிக்கலாம்.

வாசிக்கும்போது, சுருக்கத்துக்கு அடுத்து அட்டவணைகளுக்குச் செல்வது நல்லது. எந்த நாடுகள், எந்த ஆண்டுகள், எவை விடுபட்டன, ஏன் என்று கேட்க வேண்டும். அதன்பின் ஆய்வுமுறையையும், இறுதியில் முடிவுரையையும் வாசித்தால், முடிவை ஆதாரம் தாங்குகிறதா என்பது புலப்படும்.

2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டுள்ளது. ஏராளமானோர் பயிலும் தனியார் கல்லூரிகளுக்கு முதல் கட்டத்தில் இவ்வாய்ப்பு வழங்கப்படவில்லை. அவற்றுக்கும் இது விரைந்து நீட்டிக்கப்பட வேண்டும். அறிஞர்களின் கணக்கையும் சரிபார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு. அதற்கு முதலில் கட்டுரை அவர் கைக்கு எட்ட வேண்டும்.