சிறகு தந்த திரை

உச்சி வெயிலில் நம் கைப்பேசித் திரை மங்கிப்போக, அதே வெயிலில் வண்ணத்துப்பூச்சியின் சிறகு மட்டும் மேலும் பிரகாசிப்பது ஏன்?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் 2015-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் உலவுகிறவர்கள், அச்சிறகுகளில் இயற்கை ஏதோ சாயம் தீட்டியிருப்பதாக எண்ணி மகிழ்வது சகஜம். பல நிறங்களுக்கு அது உண்மையுந்தான். ஆனால் தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் மார்ஃபோ என்ற இனத்தின் ஜொலிக்கும் நீலத்தில் நீலச் சாயம் என்பதே கிடையாது. செதில்களின் அதிசூட்சுமமான அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள், ஒன்றோடொன்று கலந்து, நீலத்தை மாத்திரம் வலுப்படுத்தி நம் கண்களுக்கு அனுப்புகின்றன. நம் மயில் தோகையின் ரகசியமும் ஏறக்குறைய இதுவே!

இந்தத் தத்துவத்தைப் பின்பற்றி, நுண்ணிய படலங்களுக்கு இடைப்பட்ட காற்றிடைவெளியைக் கொண்டே வர்ணங்களைத் தோற்றுவிக்கும் மிராசோல் என்னும் திரையை அமெரிக்காவின் குவால்காம் நிறுவனம் நிர்மாணித்தது. உள்ளிருந்து ஒளி பாய்ச்ச வேண்டியதில்லை. வெயில் ஏற ஏறப் படம் தெளிவாகும். படம் மாறாதிருக்கும் வரையில் மின்சாரச் செலவும் சொற்பமே. திருச்சி வெயிலுக்கென்றே செய்தது போன்ற இந்தத் திரை, 2011-இல் தென் கொரியாவில் மின்னூல் வாசிக்கும் கருவியொன்றில் விற்பனைக்கு வந்தது. சந்தையில் ஏனோ நெடுநாள் நிலைக்கவில்லை.