உங்களுக்குத் தெரியுமா?

கடலூர்–சிதம்பரம் சாலையில் ஓடும் புதிய சிறு கார்கள் பெரும்பாலானவற்றில் பவர் ஸ்டீயரிங் எண்ணெயே கிடையாது. 1988இல் ஜப்பானின் சுசுகி செர்வோ காரில் அறிமுகமான மின்மோட்டாரே அவற்றின் சக்கரங்களைத் திருப்ப உதவுகிறது.

• பழைய கார்களிலும் பேருந்துகளிலும் பம்பு அழுத்தமேற்றும் எண்ணெய் மூடிய சுற்றிலேயே ஓடுவதால், தொட்டியில் அதன் மட்டம் இறங்குவது பெரும்பாலும் கசிவையே குறிக்கும். கடலோர உப்புக்காற்று இரும்புக் குழாய்களை அரிக்கும் கடலூரில், எண்ணெயை நிரப்புவதோடு நின்றுவிடாமல் வண்டியின் அடிப்புறத்தையும் பார்ப்பது இன்றியமையாதது.

• 2015ஆம் ஆண்டு கடலூர் மாவட்டம் கண்டது போன்ற வெள்ளத்தில் நின்ற வண்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், அதில் நீர் கலந்துவிட்டது என்பதே பொருள். அதை முழுவதும் வடித்துவிட்டுத் தயாரிப்பாளர் குறிப்பிடும் வகையையே ஊற்ற வேண்டும், ஏனெனில் அவசரத்திற்கு ஊற்றப்படும் பிரேக் ஆயில், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களாகிய சீல்களைக் கெடுத்துவிடும்.

• சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளில், திருவிழா நெரிசலில் வண்டியை நிறுத்த முயல்கையில், ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பிச் சில நொடிகளுக்கு மேல் பிடித்திருந்தால், பம்பின் அழுத்தம் உச்சத்தை எட்டி எண்ணெய் கடுமையாகச் சூடேறுகிறது.